இருபதில் நின்ற முள்

இந்த வாரமும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. பத்திரிகை ஆபீஸில் என் தாள்களைத் தட்டச்சு செய்யும் அம்மா போன வாரம் போன் செய்து, "உங்க கையெழுத்தைப் படிக்கவே எனக்குத் தனியா ஒரு கண்ணாடி வாங்கணும் சார்" என்றார்கள். என்னைப் போய் சார் என்று கூப்பிடுகிறார்களே என்று கூச்சமாக இருந்தது. "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுத்துதான் அப்படி. எண்கள் நன்றாக எழுதுவேன். மறைமலை நகர் தொழிற்சாலையில் சேர்ந்தது வரை போன வாரம் சொல்லியிருந்தேன். அங்கே பல வருடம் கட்டத்துக்குள் எண் எழுதியே பிழைத்தேன். அதில் எழுதிய சில எண்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

சுவரில் ஒரு மலை

மதியச் சாப்பாட்டு மணி அடிக்க அரை மணி நேரம் இருக்கும்போது என்னை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு போட்ட அந்த அறைக்குள் அதற்கு முன் நான் போனதில்லை. ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். உள்ளே குளிர் அதிகம். என் கையில் ஒட்டியிருந்த ஆயில் வாசனை எனக்கே உறைத்தது.

உள்ளே மூன்று பேர். எங்கள் சூப்பர்வைசர் கோதண்டம் சார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த ஜெபராஜ், என் மெஷினை ஓட்டுபவன். மூன்றாவது, நாங்கள் செய்யும் பொருளை வாங்கும் கார் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் பெண், நிவேதா மேடம்.

புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் ஒரு படம் விழுந்திருந்தது. நீலக் கட்டைகளை வரிசையாக நிறுத்திய மாதிரி. இடது பக்கம் குட்டையாக ஆரம்பித்து, மெல்ல உயர்ந்து, வலது ஓரத்தில் ஆள் உயரம் போய், அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. வெறும் சுவர்.

"அண்ணா, இது என்னன்னு தெரியுதா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தெரியல மேடம்."

"நீங்க எழுதினதுதான். ரெண்டு மாசத்து நம்பர். எந்த நம்பர் எத்தனை தடவை வந்திருக்கோ அவ்வளவு உசரம். மெஷின்ல வர்ற சைஸை இப்படிப் போட்டா நடுவுல உசந்து, ரெண்டு பக்கமும் சரிஞ்சு, மலை மாதிரி வரணும். டூல் தேய்ஞ்சா வலது பக்கமா இழுத்துக்கும். வால் மாதிரி நீளமாப் போகும். ஸ்கியூன்னு சொல்லுவோம். அது தப்பில்லை, இயற்கை. இங்க வாலையே காணோம். யாரோ வாலை வெட்டி, வெட்டின துண்டையெல்லாம் இந்த ஓரத்துல அடுக்கி வெச்சிருக்காங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

என் வேலை

நாங்கள் செய்தது ஒரு சின்ன இரும்பு முளை. பின் என்போம். சுண்டுவிரல் நீளம். காருக்குள் எங்கோ ஒரு துளையில் போய் உட்கார வேண்டியது. முடியளவு பருத்தாலும் ஏறாது.

அளப்பதற்கு டயல் கேஜ். பார்க்கக் கடிகாரம் மாதிரி இருக்கும், ஆனால் ஒரே முள். பின்னை அதன் அடியில் வைத்தால் முள் நகரும். பூஜ்யத்திலிருந்து இருபதுக்குள் நின்றால் நல்ல பின். இருபதைத் தாண்டினால் கழிவு, சிவப்புப் பெட்டி. மணிக்கு ஐந்து பின் எடுத்து அளந்து, ஐந்து எண்ணையும் சார்ட்டில் எழுதி, கூட்டி ஐந்தால் வகுத்து ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

வகுத்தல் எனக்கு மறந்துபோயிருந்தது. முதல் வாரம் ஜெபராஜ்தான் போட்டுக் கொடுத்தான். அவன் பத்தாவது வரை போனவன். அஸ்தினாபுரத்தில் எனக்கு அடுத்த தெரு. இரண்டு பேரும் கான்டிராக்ட். காலையில் தாம்பரத்தில் கம்பெனி வண்டிக்காகச் சேர்ந்து நிற்போம். அவன் பேசுவான், நான் கேட்பேன். எனக்குச் சேர்த்தே அவன் பேசினான் என்றுகூடச் சொல்லலாம். டீக்கடையில் எனக்கு வேண்டிய சர்க்கரைகூட அவன்தான் கேட்பான்.

விளக்குமாற்றுக் குச்சி

பின்னைச் சீவும் டூலின் முனை காலையில் புதிதாக இருக்கும், ஓட ஓடத் தேயும். தேயத் தேயப் பின் பருக்கும். அதனால் என் புள்ளிகள் காலையில் கீழே இருக்கும், போகப் போக மேலே ஏறும். நேராக ஏறாது. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஆனால் மொத்தத்தில் ஏறும்.

ஒருநாள் சும்மா விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி அந்தப் புள்ளிகள் மேல் வைத்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் குச்சியில் படவில்லை. மேலே எவ்வளவு விலகி நிற்கிறதோ கீழேயும் அவ்வளவு விலகி நிற்கிற மாதிரி குச்சியைத் திருப்பி, அதை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அப்படியே நீட்டினால் குச்சி இருபதைத் தொட்டது நூற்றி நாற்பதாவது பின்னை ஒட்டி.

"இன்னாபா இது, கிளி ஜோசியமா?" என்று ஜெபராஜ் சிரித்தான்.

அந்த வாரம் முழுக்கப் பார்த்தோம். ஒருநாள் முன்னே, ஒருநாள் பின்னே, ஆனால் நூற்றி நாற்பதை ஒட்டித்தான் முள் இருபதைத் தாண்டியது. ஜெபராஜ் சிரிப்பை நிறுத்தினான். "மச்சான், இது வேலைக்கு ஆவுற மேட்டருபா. வா, சார்கிட்ட சொல்லலாம்."

இதற்கு இங்கிலீஷில் ரிக்ரெஷன் என்று பேர் இருப்பது பின்னால் நிவேதா மேடம் சொல்லித்தான் தெரியும்.

கம்பெனி விதிப்படி இருநூற்று ஐம்பது பின்னுக்கு ஒரு தடவைதான் முனையை மாற்றலாம். மாற்றினால் மெஷின் பத்து நிமிடம் நிற்கும், அன்றைய எண்ணிக்கை குறையும். நடுவில் அளவைத் திருத்துகிற சாவியும் கோதண்டம் சாரிடம்தான்.

ஜெபராஜ் விவரமாகச் சொன்னான். நான் சார்ட்டையும் குச்சியையும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தணிகாசலம், நீ என்ன படிச்சிருக்க?"

"அஞ்சாவது சார்."

"அப்போ குச்சியை வெச்சுக் கூட்டு. கணக்கை நாங்க போட்டுக்கறோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எரிகிறது. அவர் சொன்னதுகூட இல்லை, நானும் சேர்ந்து சிரித்தேனே, அது.

சராசரி

கோதண்டம் சாருக்குப் பிடித்த வார்த்தை ஆவரேஜ். "டே ஆவரேஜ் பத்தொன்பது. லிமிட் இருபது. என்ன பிரச்சினை உங்களுக்கு?"

தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு இது புரியும். ஒரு மணி நேரம் ஒன்றும் வராது. பிறகு ஒரே எண் போட்ட பஸ் நான்கு, ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் கால் மணிக்கு ஒரு பஸ். கால் கடுக்க நின்றவன் அந்தக் கணக்கில் இல்லை.

காலையில் வந்த மெலிந்த பின்னும் மாலையில் வந்த பருத்த பின்னும் சேர்ந்து பத்தொன்பது. ஆனால் துளைக்குள் போவது சராசரிப் பின் இல்லையே. ஒவ்வொரு பின்னும் தனியாகத்தான் போக வேண்டும்.

இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். சொல்லத்தான் வரவில்லை.

தலையைச் சாய்த்தல்

ஒரு பிற்பகல். மெஷின் இருநூறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கேஜில் பின்னை வைத்தேன். பேனாவை எடுத்தேன். பின்னால் கோதண்டம் சார்.

"எங்க நிக்குது?"

"இருபத்திரண்டு சார்."

"நல்லாப் பாரு."

"இருபத்திரண்டுதான் சார்."

"அங்க நின்னு பார்த்தா அப்படித்தான் தெரியும். இப்படி வா."

என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளினார். முள்ளுக்கும் அதன் பின்னாலுள்ள எண்களுக்கும் நடுவில் சிறிய இடைவெளி உண்டு. நேராகப் பார்த்தால் சரியான எண். தலையை வலது பக்கம் சாய்த்தால் முள் இரண்டு கோடு குறைவாகத் தெரியும்.

"இப்போ?"

"இருபது சார்."

"எழுது."

எழுதினேன். அழகாகத்தான் எழுதினேன். அதற்கப்புறம் அவர் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்கு மேல் என் கழுத்து தானாகச் சாய்ந்தது. இருபத்து நான்காக இருந்தாலும் பேனா இருபதில் நின்றது. எல்லாமே இருபதாக இருந்தால் சந்தேகம் வருமே என்று நடுவில் பத்தொன்பது போட்டேன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது.

ஜெபராஜ் பார்த்துவிட்டான்.

"இன்னா எய்துற நீ?"

சார்ட்டைக் கையால் மறைத்தேன்.

"உண்மைய எய்து மச்சான். நீ இருபத்திநாலுன்னு எய்தினாத்தான் முனைய மாத்துவானுங்க. நீ இருபதுன்னு எய்திகினு கீற. நாளைக்கு எதுனா பேஜார் ஆச்சின்னா அந்தாளு மேலயா போவும்? மெஷின் ஓட்டுறவன் மேலதான் வரும்."

"சார் சொன்னாரு" என்றேன்.

"சார் பேனா புடிக்கல. நீ புடிச்சிகினு கீற."

பன்னிரண்டில் ஒன்று

அப்போது எங்கள் பகுதியில் கான்டிராக்ட் ஆட்கள் பன்னிரண்டு பேர். தீபாவளிக்கு முன் ஒருவரை மட்டும் நிரந்தரமாக்குவார்கள். பேரை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள்.

ஏழு வருடமாக ஜெபராஜுக்கு வரவில்லை. "ஏழு தடவ தவறிப்போச்சி. இந்த வாட்டி கண்டிப்பா நமக்குத்தான்பா" என்பான். வரிசையில் நிற்கிற மாதிரி நினைத்தான். சீட்டுக் குலுக்கல் என்றே வைத்துக்கொண்டாலும், ஒருத்தனுக்கு ஏழு தடவை வரவில்லை என்பது சீட்டுக்குத் தெரியாது. எட்டாவது தடவையும் அது பன்னிரண்டில் ஒன்றுதான்.

ஆனால் அது குலுக்கலும் இல்லை. பேரை எழுதிக் கொடுப்பவர் கோதண்டம் சார். நியாயமாகத் தனக்கும் ஒருநாள் வரும் என்று நம்பியவன் அவன் ஒருத்தன்தான். நான் நம்பவில்லை. அதனால்தான் தலையைச் சாய்த்தேன். அப்போது பயத்தினால் என்று சொல்லிக்கொண்டேன். பாதி பயம். மீதி அந்த நோட்டீஸ் போர்டு.

காசைத் திருப்பிப் பார்த்தல்

மறுபடியும் அந்தக் குளிர் அறைக்கே வருகிறேன்.

கார் கம்பெனியில் எங்கள் பின்கள் துளையில் ஏறாமல், கார் பூட்டும் லைனே நின்றுபோயிருந்தது. பெட்டிகளைத் திறந்து அளந்ததில் இருபத்து மூன்றும் இருபத்து ஐந்தும் கிடைத்திருக்கின்றன. என் சார்ட்டில் இரண்டு மாதத்தில் ஓர் இருபத்தொன்றுகூட இல்லை. அதைக் கேட்கத்தான் அந்தப் பெண் வந்திருந்தாள்.

"சார், ஒரு காசைச் சுண்டறேன்" என்றாள் கோதண்டம் சாரிடம். "இருபது தடவையும் தலையே விழுது. என்ன நினைப்பீங்க?"

"லக்கு மேடம்."

"ஒரு தடவை தலை விழ பாதி வாய்ப்பு. ரெண்டு தடவையும் விழணும்னா அதுல பாதி. மூணுன்னா அதுலயும் பாதி. இருபது தடவைன்னா பத்து லட்சத்துல ஒண்ணுகூடத் தேறாது. நான் லக்குன்னு சொல்ல மாட்டேன் சார். காசைத் திருப்பிப் பார்ப்பேன். ரெண்டு பக்கமும் தலை இருக்கான்னு."

சுவரில் இருந்த படத்தின் வலது ஓரத்தைக் காட்டினாள்.

"இருபதுல இத்தனை, பத்தொன்பதுல இத்தனை. இருபத்தொண்ணுல ஒண்ணுகூட இல்லை. லிமிட் இருபதுன்னு மெஷினுக்குத் தெரியுமா? தெரியாது. அப்போ தெரிஞ்சவங்க யாரோ செஞ்சிருக்காங்க."

கோதண்டம் சார் அதற்குள் யோசித்துவிட்டார். "ஆபரேட்டருக்குத் தெரியுமே மேடம். செக்கிங்குக்கு முன்னாடியே பெரிய பின்னைப் பொறுக்கி ஒளிச்சு வெச்சுட்டு, எண்ணிக்கை காட்டறதுக்காகப் பின்னாடி பெட்டியில கலந்துடறான். அதான் சார்ட்ல வரல."

ஜெபராஜ் எழுந்துவிட்டான். "இன்னா சார் சொல்றீங்க? நான் ஏன் சார் ஒளிக்கணும்? முனைய மாத்துங்கன்னு கத்திகினு கெடந்தவனே நான்தான சார்! முள்ளு இருபதத் தாண்டித்தான் நின்னுச்சி. எய்தினதுதான் தப்பு."

"உட்காருப்பா. பேப்பர்ல அப்படி இல்லையே."

"பேப்பர வுடுங்க சார். தணிகா, நீ சொல்லு."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் அதிகாரம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணா, படம் ரெண்டுக்கும் பொருந்தும். ஒண்ணு, பெரிய பின் உங்க கைக்கு வராமலே போயிருக்கணும். இல்லன்னா, வந்ததை நீங்க மாத்தி எழுதியிருக்கணும். யாரும் கோச்சுக்க மாட்டாங்க, சொல்லுங்க. முள் நின்ன இடத்தைத்தான் எழுதினீங்களா?"

கோதண்டம் சார் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஆமாம் மேடம்" என்றேன்.

ஜெபராஜ் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் மெதுவாக உட்கார்ந்தான். அந்தப் பெண் ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

வெளியே வரும்போது பழைய சார்ட் ஒன்றில் நான் பென்சிலால் போட்டிருந்த குச்சிக் கோட்டைக் காட்டி, "இது யார் போட்டது?" என்றாள். நான்தான் என்றேன். அதன் பேரைச் சொன்னாள். பிறகு, "வெட்டியிருக்குன்னு படம் சொல்லும்ணா. யார் வெட்டினாங்கன்னு சொல்லாது. அதை மனுஷங்கதான் சொல்லணும்" என்றாள்.

நான் சாப்பிடப் போய்விட்டேன். அன்றைக்குப் புளிசாதம். முழுக்கச் சாப்பிட்டேன்.

பச்சை விளக்கு

கான்டிராக்ட் ஆளை வேலையை விட்டு நீக்க யாரும் கடிதம் கொடுப்பதில்லை. கேட்டில் கார்டை வைத்தால் பச்சை விளக்கு எரியும். மறுநாள் காலை எனக்கு எரிந்தது. எனக்குப் பின்னால் நின்ற ஜெபராஜுக்கு எரியவில்லை. இரண்டாவது தடவை வைத்தான். கார்டைச் சட்டையில் துடைத்து மூன்றாவது தடவை வைத்தான். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தேன்.

ரிஜெக்ட் பின்னைக் கலந்தவன் என்று பேர் பரவியதில் அந்தப் பக்கம் எந்தத் தொழிற்சாலையிலும் அவனை எடுக்கவில்லை. ஒரே மாதத்தில் எங்கள் மெஷின் மேல் புதுப் பலகை வந்தது: நூற்றி நாற்பது பின்னுக்கு ஒருமுறை முனையை மாற்றவும். அதைக் கண்டுபிடித்ததற்காகக் கோதண்டம் சாருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கை தட்டினேன்.

தீபாவளிக்கு முன் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பேர் என்னுடையது.

பள்ளிக்கரணையில்

இதையெல்லாம் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் தொடரிலும் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டிச் சட்டை போட்டு ஜெபராஜ் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். காலை பத்து மணி வெயில். தலை நரைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழவில்லை. நோட்டைத் தள்ளினான்.

"பேரு எய்து. எந்த வூடுன்னு எய்து."

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அப்ப எய்தத் தேவையில்ல."

எப்படியோ சொல்லிவிட்டேன். முள் எங்கே நின்றது, நான் என்ன எழுதினேன் என்று. அவன் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இத எங்கிட்டச் சொல்றியா? நான் ஒம் பின்னாடிதான நின்னுகினு இருந்தேன். எனக்குத் தெரியாதா இன்னா?"

"மன்னிச்சிடு ஜெபா."

"அத வெச்சிகினு நான் இன்னா பண்றது? எங்கிட்டச் சொன்னா ஆச்சா? எம் பையனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல ஒருத்தன் சொல்றான், 'இவரு மறைமலை நகர்ல ரிஜெக்ட் மால கலந்து மாட்டுன ஆளாச்சே'ன்னு. இன்னும் ஓடிகினுதான் கீது. நான் வாயால சொன்னதுக்கு அன்னிக்கி பேப்பரக் காட்டுனாங்க. நீ வாயால சொன்னாலும் அதேதான். நீதான் பத்திரிகைல என்னென்னவோ எய்துறியாமே? இத எய்து. எம் பேரப் போட்டு எய்து. ஒம் பேரையும் போடு."

ஒரு கார் உள்ளே வர, எழுந்து கேட்டைத் திறந்தான். காருக்குள் இருந்தவருக்கு சல்யூட் வைத்தான். திரும்பி வந்து என்னைப் பார்க்காமலேயே உட்கார்ந்தான்.

எழுதுகிறேன்.

ஜெபராஜ் எந்தப் பின்னையும் ஒளிக்கவில்லை, கலக்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் நான் கேட்ட ஐந்து பின்னை என் கையில் கொடுத்தான். மீட்டிங்குக்கு முந்தைய நாள் கடைசி மணியில் முள் நின்ற இடங்கள்: 23, 24, 22, 25, 23. நான் எழுதியது: 20, 20, 19, 20, 20. மாற்றி எழுதியவன் நான். அளந்தவர் என்ற இடத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையது.

தணிகாசலம்,
அஸ்தினாபுரம்.
9 நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை.